செதிற்பூச்சியின் தவழும் குஞ்சுகள்: அவை மரம் விட்டு மரம் பரவும் விதம்

மாமரத்தின் இலைகளிலும், தென்னங்கீற்றின் அடிப்புறத்திலும், கொய்யாவின் இளங்கிளைகளிலும் சுண்ணாம்பு தெறித்தாற்போலவோ, மெழுகுத்துளி உறைந்தாற்போலவோ சிறு புள்ளிகள் அடர்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதைத் தோப்புடையவர் யாவரும் ஒரு சமயமேனும் கண்டிருப்பர். இவற்றை ஒருவகைப் பூசண நோய் என்று எண்ணுவோர் உளர். பட்டையிலிருந்து தாமாகவே கசிந்து உறைந்த பொருள் என்று எண்ணுவோரும் உளர். உண்மையில் இவை ஒவ்வொன்றும் ஓர் உயிருள்ள பூச்சியாகும், அல்லது இறந்த பூச்சியின் மூடியாகும். மீனின் செதிலை ஒத்த மூடியின்கீழ் வாழ்வதனால் இவற்றிற்குச் செதிற்பூச்சி என்று பெயர் வந்தது. மாமரத்தையும் தென்னையையும் பற்றும் கெட்டிமூடிச் செதிற்பூச்சிகளில், வளர்ந்த பெண்பூச்சிக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. ஊசி போன்ற வாயை இலைக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, ஒட்டிய இடத்திலேயே இருந்து, முட்டையிட்டு, அவ்விடத்திலேயே மடிகிறது.

இப்படி ஓரங்குலமும் நகரமாட்டாத பூச்சி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்திற்கும், ஒரு தோப்பிலிருந்து அடுத்த தோப்பிற்கும், கடல் கடந்து தீவுகளுக்குங்கூட எவ்வாறு சென்றது என்பது ஆராயத்தக்க விஷயம். அதன் வாழ்நாளில் சில மணி நேரமோ, ஓரிரண்டு நாட்களோதான் அதற்கு நடக்கும் சக்தி உண்டு. அச்சிறு காலத்திற்குள்தான் அது பரவ வேண்டும். அச்சிறு காலத்தில்தான் அதற்கு மூடியும் இல்லை. ஆகவே பூச்சி பரவும் காலமும், பூச்சியைக் கொல்ல எளிதான காலமும் ஒன்றேயாகின்றன. இதை அறியாமற் செய்யும் செலவு பெரும்பாலும் வீண் செலவேயாகும்.

காஞ்சிபுரம் ஜில்லாவில் ஏனாத்தூரில் இரண்டு ஏக்கர் மாந்தோப்புடைய குடியானவர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். மாசி மாதத்தில் அவர் தம் மரங்கள் சிலவற்றில் வெள்ளைப் புள்ளிகளைக் காண்கிறார். கடையில் ஒரு மருந்தை வாங்கித் தெளிக்கிறார். பத்து நாள் கழித்துப் பார்க்கப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. மருந்து வீரியமற்றதென்று எண்ணி, அதனினும் கடுமையான வேறொன்றை வாங்கித் தெளிக்கிறார். அப்பொழுதும் புள்ளிகள் உதிரவில்லை. வைகாசியில் காய்களின் தோலில் பூச்சி ஒட்டிய இடங்கள் நிறம் மாறி நிற்கின்றன. வியாபாரி அதைக் காட்டி விலையைக் குறைக்கிறார். ஆடிக்குப் பின் அண்டைத் தோப்பிலும் புள்ளிகள் தோன்றுகின்றன. கைப்பொருளும் போய், அயலாரோடு மனக்கசப்பும் உண்டாகிறது.

இவர் செய்த பிழைகள் இரண்டு. முதலாவது, பூச்சி செத்தால் செதில் உதிர்ந்துவிடும் என்று நம்பியது. செத்த பூச்சியின் மூடி இலையிலும் பட்டையிலும் வாரக்கணக்காக, சில சமயம் மாதக்கணக்காக, ஒட்டியே இருக்கும். ஆகையால் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது பயனற்றது. புள்ளியின் கீழ் உயிர் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். இரண்டாவது பிழை இதனினும் பெரிது. அவர் மருந்து தெளித்த நாளில் வெளியே உலவிய குஞ்சு எதுவும் இல்லாதிருந்திருக்கலாம். தாயின் மூடிக்கடியில் முட்டைகள் பத்திரமாயிருந்தன. மருந்தின் காரம் அடங்கிய பின் அவை பொரித்துக் குஞ்சுகள் வெளிவந்தன. அப்பொழுது அவற்றைத் தின்னும் பொறிவண்டுகளும், அவற்றினுள் முட்டையிடும் சிறு குளவிகளும் மரத்தில் இல்லை. மருந்து அவற்றை முன்னமே கொன்றுவிட்டது.

குஞ்சின் உருவமும் நடத்தையும்

முட்டையினின்றும் வெளிவரும் குஞ்சு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நீளமுடையது; அதாவது ஓரங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு. பெரும்பாலும் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிறமாயிருக்கும். தட்டையான முட்டை வடிவம், ஆறு கால்கள், இரண்டு உணர்கொம்புகள், இரு கருங்கண்கள் ஆகியவை இதற்கு உண்டு. மஞ்சள் தூள் சிறிது இலைமேல் சிந்தி, அத்தூள் மெல்ல நகர்ந்தால் எப்படியிருக்குமோ அப்படியே கண்ணுக்குத் தோன்றும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றிருந்தால் உருவம் தெளிவாய்த் தெரியும். இந்தப் பருவத்தையே தவழும் குஞ்சு என்று கூறுகிறோம்.

குஞ்சுகள் பிறந்தவுடன் வெளியே ஓடிவிடுவதில்லை. தாயின் மூடிக்கடியில் சிறிது நேரம் தங்கி, வெயிலேறி உஷ்ணமுண்டான பின்னரே வெளியே வருவது அநேக இனங்களின் வழக்கம். குளிரும் மழையும் உள்ள நாட்களில் உள்ளேயே தங்கிவிடும். வெளிவந்தவை சாதாரணமாக வெளிச்சத்தை நோக்கி மேலேறும். ஆகையால்தான் புதுத்தளிர்களிலும் கிளை நுனிகளிலும் பூச்சி சேருகிறது. ஆனால் எல்லா இனமும் அப்படியன்று. கரும்பின் செதிற்பூச்சிக் குஞ்சு வெளிச்சத்தில் நில்லாமல் தோகையின் உறைக்குள் நுழைந்து கணுவிடையில் ஒட்டிக்கொள்கிறது. கரும்புக்குச் சோகை உரிப்பதனால் உண்டாகும் நன்மைகளுள் இம்மறைவிடத்தைப் போக்குவதும் ஒன்று.

நல்ல இடம் கிடைத்ததும் குஞ்சு தன் வாயூசியை உள்ளே செலுத்தி உட்கார்ந்துவிடுகிறது. சில மணி நேரத்தில் அதன் முதுகில் வெண்மெழுகு நூல்கள் தோன்றி, பின்னிக்கொண்டு மூடியாகின்றன. முதல் தோலுரிப்பில், மாவிலும் தென்னையிலும் காணும் கெட்டிமூடி இனங்கள் தங்கள் கால்களை இழந்துவிடுகின்றன. உரித்த தோலும் வீணாகாமல் மூடியின் ஒரு பகுதியாகச் சேர்ந்துவிடுகிறது. அதற்குமேல் பெண்பூச்சிக்கு யாத்திரையில்லை. ஆண்பூச்சி மட்டும் முடிவில் இரண்டு சிறகு பெற்று வெளிவரும். அதற்கு உண்ண வாயில்லை. பெண்ணைத் தேடிக் கூடிய பின் ஓரிரு நாளில் இறந்துபோகும்.

மாமரத்து வெள்ளைச் செதிற்பூச்சியில் ஒரு விநோதத்தைக் காணலாம். ஆண் குஞ்சுகள் தாயை விட்டு வெகுதூரம் போவதில்லை. தாயின் அருகிலேயே கூட்டமாக உட்கார்ந்து, முதுகில் மூன்று வரம்புள்ள நீண்ட வெண்மூடிகளை உண்டாக்குகின்றன. பெண் குஞ்சுகளே விலகிச் செல்கின்றன. அவற்றின் மூடி வட்டமானது. இலையில் வெண்கோடுகள் கும்பலாகத் தெரியுமிடத்தில் ஆண்கள் இருக்கின்றன. தனித்தனியாக வட்டமாகத் தெரிபவை பெண்கள். மேற்கொண்டு பூச்சியைப் பெருக்குபவை பின்னவையே. ஆகையால் கும்பலைக் கண்டு அஞ்சுவதைவிட, சுற்றியுள்ள சுத்தமான இலைகளில் ஒன்றிரண்டாக வட்டப் புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பார்ப்பதே முக்கியம். முட்டையிலிருந்து மறு முட்டை வரை இவ்வினத்திற்கு நம் நாட்டு உஷ்ணத்தில் ஏறக்குறைய ஐந்தாறு வாரம் செல்லும். தென்னையின் செதிற்பூச்சிக்கு ஒரு மாதத்திற்குச் சற்று அதிகம்.

கொய்யா, எலுமிச்சை, காப்பி முதலியவற்றில் காணும் மெல்லுடற் செதிற்பூச்சிகளுக்கு இவ்வளவு கெட்டியான தனி மூடி இல்லை. அவை தோலுரித்த பின்னும் கால்களை வைத்துக்கொண்டு சிறிது தூரம் இடம் மாறவும் கூடும். மாவுப்பூச்சிகளோ எப்பொழுதும் நடமாட வல்லவை. ஆயினும் இவ்வினங்களிலும் தூரப் பிரயாணம் செய்பவை பெரும்பாலும் குஞ்சுகளே.

கால்நடையால் எவ்வளவு தூரம்?

குஞ்சு தன் கால்களால் கடக்கும் தூரம் மிகச் சொற்பம். பிறந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளியே பல உட்கார்ந்துவிடும். மரத்திற்கு மரம் கிளைகள் உராய்ந்து நின்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நடந்து போகும். ஆனால் மரத்தடியில் விழுந்த குஞ்சு வெறும் மண்ணில் நடந்து அடுத்த மரத்தைச் சேர்வது அரிது. சூடேறிய மண், எறும்பு, சிலந்தி, பசி ஆகியவற்றால் அவை மடிகின்றன.

நடக்கும் குஞ்சைக் கொண்டே பிழைப்பு நடத்தும் விவசாயம் ஒன்றும் இந்நாட்டில் உண்டு. அதுவே அரக்கு விவசாயம். அரக்குப் பூச்சியும் செதிற்பூச்சி இனத்தைச் சேர்ந்ததே. சோட்டா நாகபுரிப் பகுதிகளில் பலாசு, இலந்தை, குசும மரங்களில் அதை வளர்க்கின்றனர். ராஞ்சிக்கு அருகே நாம்குமில் 1924-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அரக்கு வளர்ப்போர், குஞ்சுகள் வெளிவரும் தறுவாயிலுள்ள விதையரக்குக் குச்சிகளை வெட்டியெடுத்து, முன்னமே கவாத்து செய்து இளந்தளிர் விட்டிருக்கும் மரங்களின் கிளைகளில் கட்டுகின்றனர். குஞ்சுகள் குச்சியினின்றும் இறங்கிக் கிளை வழியே ஏறி இளங்கொம்புகளில் அடர்ந்து அமர்கின்றன. சுமார் மூன்று வாரத்திற்குள் வெறுங்குச்சிகளை அவிழ்த்து எடுத்துவிடுகின்றனர். விட்டுவைத்தால் அவற்றிலுள்ள விரோதிப் பூச்சிகள் புதுப்பயிரைக் கெடுக்குமாதலால். குச்சியைக் கட்டும் நாளை ஒரு வாரம் முன்பின்னாகத் தவறவிட்டால் குஞ்சுகள் வீணாகும். ஆகவே குஞ்சு என்று வெளிவரும் என்பதைத் தம் பயிரின் உயிர்நாடியாக அவர்கள் கவனிக்கின்றனர்.

இதை நம் தோப்புக்காரர் சிந்திக்க வேண்டும். அரக்கு வளர்ப்பவர் வேண்டுமென்றே செய்வதை, மா வளர்ப்பவர் தெரியாமற் செய்கிறார். பூச்சி பிடித்த கிளைகளைக் கவாத்து செய்து, அவற்றை நல்ல மரங்களின் அடியிலே சாய்த்து வைப்பதும், இளங்கன்றுகளைச் சுற்றி வேலியாக நாட்டுவதும், பூச்சியுள்ள தழையைக் கன்றுகளுக்கு நிழலாகப் போடுவதும் ஆகிய யாவும் விதையரக்குக் கட்டுவதற்கு ஒப்பான காரியங்களே. கிளை உலர உலர, பொரித்த குஞ்சுகள் அதை விட்டு வெளியேறும். அருகில் பச்சைமரம் தொட்டுக்கொண்டிருந்தால் அதில் ஏறிக்கொள்ளும்.

காற்று

நடையால் முடியாததைக் காற்று முடித்து வைக்கிறது. செதிற்பூச்சிக் குஞ்சு தூசியினும் சற்றே பெரியது. இலை நுனியிலிருந்து தூக்கியெறியப்பட்டால் வெகுதூரம் மிதந்து செல்லும். சில இனங்களில் குஞ்சு காற்றுக்கு வெறுமனே இரையாவதன்றித் தானாகவே காற்றில் ஏறும் தன்மையும் உண்டென்று கண்டிருக்கின்றனர். கலிபோர்னியாவில் சாலையோரச் செடியொன்றைக் கெடுத்த மெல்லுடற் செதிற்பூச்சியின் குஞ்சுகள், காற்று வீசும்போது இலையின் மேற்புறம் வந்து, காற்றுக்கு முதுகைக் காட்டிப் பின்னங்கால்களின்மேல் எழுந்து நின்று, முன்கால்களை நீட்டி, காற்று தூக்கிச் செல்லக் காத்திருப்பதை 1984-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று விவரித்தது. இலையை ஒட்டினாற்போல் காற்றின் வேகம் மிகக் குறைவு. எழுந்து நின்றால்தான் வேகமான காற்று படும். இத்தனை சிறிய பிராணிக்கு அது தெரிந்திருப்பது அதிசயமே.

காற்றில் போகும் குஞ்சு எங்கே இறங்குவதென்று தீர்மானிக்க வல்லதன்று. ஆயிரத்தில் மிகப் பெரும்பாலானவை வயலிலும் வழியிலும் நீரிலும் விழுந்து மடிகின்றன. ஆனால் ஒரு தாய்க்குப் பல பத்துக் குஞ்சுகள்; ஒரு மரத்தில் இலட்சக்கணக்கான தாய்கள். ஒன்றிரண்டு தக்க மரத்தில் இறங்கினாலே போதும்.

இதற்குத் தென்னாட்டிலேயே பெரிய சாட்சி ஒன்றுண்டு. அதில் காற்று குடியானவருக்கு அநுகூலமாக வேலை செய்தது. சப்பாத்திக்கள்ளி வேலிகளையும் தரிசுகளையும் அடைத்துக்கொண்டு, மேய்ச்சலையும் சாகுபடியையும் கெடுத்து வந்ததை முதியோர் வாய்வழியாகக் கேட்டவர்கள் இன்றும் உண்டு. முன்னர், 1795-ஆம் ஆண்டில், சிவப்புச் சாயம் எடுப்பதற்கென்று பிரேசிலிலிருந்து ஒரு கள்ளிப்பூச்சியை இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். அது எதிர்பார்த்த சாயப்பூச்சியன்று, வேறோர் இனம். சாயம் கிடைக்காவிடினும் ஒருவகைக் கள்ளியை அது நாசமாக்கியது. தெற்கே மிகுந்திருந்த கள்ளி வேறு இனமாதலால் அப்பூச்சிக்கு அடங்கவில்லை. 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து வேறொரு கள்ளிப்பூச்சியைக் கொண்டுவந்து தென்னிந்தியாவில் விட்டபின் அக்கள்ளியும் அடங்கியது. இக்கள்ளிப்பூச்சியின் பெண் குஞ்சுகளுக்கு உடலில் நீண்ட மெழுகு நூல்கள் முளைக்கின்றன. எருக்கம் பஞ்சு விதையைக் கொண்டு செல்வதுபோல் அந்நூல்கள் குஞ்சைக் காற்றில் கொண்டுசெல்கின்றன. ஆண் குஞ்சுகளுக்கு அவ்வளவு நீண்ட நூல்கள் இல்லை. கள்ளியை அழிக்க உதவிய அதே காற்றுதான் மாந்தோப்பில் செதிற்பூச்சியையும் சுமந்து செல்கிறது.

ஏனாத்தூர், உத்திரமேரூர் பக்கங்களில் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாக வீசும். மா அறுவடை முடிந்து கவாத்து செய்யும் காலமும் அதுவே. பூச்சியுள்ள கிளைகளை அக்காற்றில் வெட்டி, தோப்பின் நடுவே இழுத்துச் செல்வதைப் போன்ற தவறு வேறில்லை. பூச்சியுள்ள தோப்புக்குக் கிழக்கே மரம் வைத்திருப்பவர் ஆவணி, புரட்டாசியில் தம் தோப்பின் மேற்கு ஓரத்து மரங்களை முதலிற் பரிசோதிப்பது நலம். அதன்பின் வரும் ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையில் உலவும் குஞ்சுகள் ஏராளமாய் அடித்துச் செல்லப்படும். மீண்டும் தை முதல் கோடை முடிய வறண்ட நாட்களில் பூச்சி பெருகுகிறது.

எறும்பும் ஈயும் மனிதரும்

எறும்புகள் செதிற்பூச்சியைச் சுமந்து பரப்புகின்றன என்பது பொதுவான நம்பிக்கை. இதில் பகுத்தறிய வேண்டியது உண்டு. மெல்லுடற் செதிற்பூச்சியும் மாவுப்பூச்சியும் தேன் போன்ற இனிய கழிவை வெளியிடுகின்றன. அதை நக்க எறும்புகள் மொய்க்கும். அது படிந்த இலைகளில் கரும்பூசணம் படரும். எறும்புகள் சில வேளைகளில் குஞ்சுகளை இடம் மாற்றுவதுண்டாயினும், அவை செய்யும் பெருந்தீங்கு வேறு: பொறிவண்டுகளையும் குளவிகளையும் அணுகவொட்டாமல் விரட்டிவிடுகின்றன. மாமரத்து முசுறு மற்ற புழுக்களைப் பிடித்துத் தின்று நன்மை செய்யினும், இவ்விஷயத்தில் பூச்சிக்கே காவலாளியாகிறது. கெட்டிமூடிச் செதிற்பூச்சிக்கோ தேன்கழிவு கிடையாது. ஆகவே வெள்ளைச் செதில் மட்டும் இருந்து, இலையில் கரும்பூசணம் இல்லையானால், எறும்பைத் தடுக்கச் செலவு செய்வதில் பயனில்லை.

மற்றப் பூச்சிகளின்மேல் சவாரி செய்து குஞ்சுகள் போகும் என்பதும் இப்போது உறுதிப்பட்டிருக்கிறது. கெட்டிமூடி இனக் குஞ்சுகளின் கால் நுனியில் உறிஞ்சுகிண்ணம் போன்ற முனையுடைய மயிர்கள் உண்டு. அவற்றால் ஈ, எறும்பு, பொறிவண்டு ஆகியவற்றின் உடலைப் பற்றிக்கொண்டு பிரயாணம் செய்ய வல்லவை என்று 2010-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. தன்னைத் தின்னவந்த பொறிவண்டின் முதுகிலேயே ஏறிச் சென்றுவிடுகிறது என்றால் இப்பூச்சியின் சாமர்த்தியத்தை என்னென்பது!

ஆயினும் ஊர் விட்டு ஊருக்கும், நாடு விட்டு நாட்டிற்கும் இவற்றைக் கொண்டுசென்றவர் பெரும்பாலும் மனிதரே. ஒட்டுக்கன்று, கரும்புக் கரணை, பழக்கூடை, அலங்காரச் செடி ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு பூச்சி போய்ச் சேர்கிறது. நீலகிரியில் வேலமர இனத்தைச் சேர்ந்த சீமைச் சவுக்குத் தோட்டங்களில் 1928-ஆம் ஆண்டளவில் கடுமையான பஞ்சுச் செதிற்பூச்சியின் தாயகம் ஆஸ்திரேலியா. அந்நாட்டுப் பொறிவண்டையே தருவித்து விட்ட பின்னரே அது அடங்கியது. 2008-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் முதன்முதலாகக் கண்ட பப்பாளி மாவுப்பூச்சி மெக்ஸிகோ தேசத்தது. அது பப்பாளியோடு மரவள்ளி, மல்பெரி முதலியவற்றையும் பற்றி இராஜ்யத்தின் பல ஜில்லாக்களில் பரவியது. குடியானவர்கள் மேன்மேலும் மருந்து தெளித்தும் அடங்கவில்லை. 2010-ஆம் ஆண்டில் அஸிரோபேகஸ் பப்பாயே என்னும் மிகச் சிறிய குளவியைத் தருவித்துத் தோட்டங்களில் விட்டபின் அடங்கியது. அக்குளவி மாவுப்பூச்சியின் இளம் பருவங்களிலேயே முட்டையிடுகிறது.

வெளிநாட்டு உதவி எப்பொழுதும் வேண்டியதில்லை. தென்னையின் செதிற்பூச்சியைத் தின்னும் பளபளப்பான கரும்பொறிவண்டு நம் நாட்டிலேயே உண்டு. 1938-ஆம் ஆண்டில் சேஷெல்ஸ் தீவினர் தங்கள் தென்னைகளைக் காக்க இந்தியாவிலிருந்து அதைக் கொண்டுபோயினர். பீஜித் தீவில் அதே பூச்சியை அடக்க 1928-ஆம் ஆண்டில் டிரினிடாடிலிருந்து வேறொரு பொறிவண்டைத் தருவித்தனர். நம்மவரோ இவ்வண்டின் முள் நிறைந்த குட்டிகளைக் கண்டு, அவையே மரத்தைக் கெடுக்கின்றன என்று நசுக்குவதுண்டு. செதில்கள் நடுவே திரியும் முட்புழு போன்றதை நசுக்குமுன் அது இலையைத் தின்கிறதா, செதிலைத் தின்கிறதா என்று சற்று நின்று பார்க்க வேண்டும்.

குஞ்சு வெளிவரும் காலத்தை அறிவது

கட்டைவிரல் நகத்தால் செதிலை மெதுவாகப் பெயர்த்துப் பார்க்க வேண்டும். கீழே ஈரமுள்ள மஞ்சள் உடல் இருந்தால் பூச்சி உயிருடன் உள்ளது. காய்ந்து தூளாயிருந்தால் இறந்தது. மூடியில் ஊசியாற் குத்தியது போன்ற உருண்டைத் துளையிருந்தால் உள்ளிருந்த ஒட்டுண்ணிக் குளவி வெளிவந்துவிட்டதென்று அறியலாம். உடலைச் சுற்றிப் பொடிமணி போல் முட்டைகள் இருந்தால் குஞ்சு வெளிவரும் காலம் நெருங்கிவிட்டது. ஒரு மரத்தில் ஐம்பது செதில்களையாவது இப்படிப் பார்த்து எண்ணிக்கொள்வது நலம். பாதிக்கு மேல் துளையுடையனவாயிருந்தால் மருந்தைத் தொடாமல் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

முட்டை தென்பட்டபின், விரலளவு தடித்த கிளைகள் சிலவற்றில் இருபுறமும் பசையுள்ள ஒட்டுநாடாவை ஒரு சுற்று சுற்றி வைக்க வேண்டும். கடைகளில் இது மலிவாகக் கிடைக்கிறது. வாரத்திற்கொரு முறை நாடாவை எடுத்து, வெள்ளைக் காகிதத்தில் ஒட்டித் தேதி குறித்து, லென்ஸால் பார்த்தால் மஞ்சள் புள்ளிகளாகக் குஞ்சுகள் தெரியும். முதல் வாரம் ஒன்றிரண்டும், அடுத்த வாரம் ஏராளமாகவும் இருந்தால் அதுவே தெளிக்கும் வாரம். நாடா இல்லாவிடில், காலை பத்து மணியளவில் கிளையின் கீழ்க் கறுப்புத் துணியை விரித்துக் கிளையைத் தட்டிப் பார்க்கலாம். நகரும் மஞ்சள் தூள் விழும்.

அவ்வாரத்தில் தெளிப்பதற்குக் கடுமையான விஷம் தேவையில்லை. மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்துத் தெளித்தால், மூடியற்ற குஞ்சின் உடலை அது போர்த்திக் கொன்றுவிடும். இலையின் அடிப்புறமும் கிளையின் கவடும் நனைய வேண்டும். நனையாத குஞ்சு சாகாது. பூக்கும் காலத்திலும், உச்சி வெயிலிலும் தெளிக்கலாகாது. முதலில் ஓரிரு கிளைகளில் தெளித்து, இலை கருகவில்லையென்று கண்டபின் மற்றவற்றிற்குத் தெளிக்க வேண்டும். எல்லாத் தாயும் ஒரே நாளில் முட்டையிடுவதில்லையாதலால், பத்துப் பதினைந்து நாள் கழித்து நாடாவில் மறுபடி குஞ்சுகள் தென்பட்டால் இரண்டாம் முறை தெளிக்க நேரிடும், தென்படாவிடில் வேண்டியதில்லை. மரம் முழுதும் பூச்சி மூடிக் கிளைகள் காயும் நிலை வந்தால், என்ன மருந்து என்பதைத் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டே செய்ய வேண்டும்.

பூச்சி மிகுந்த கிளைகளைக் காற்றில்லாத காலை வேளையில் வெட்டி, அன்றே தோப்பிற்கு வெளியே கொண்டுபோய்ப் புதைப்பதோ எரிப்பதோ நல்லது. துளையுள்ள செதில்கள் மிகுந்த கிளைகளை மட்டும் எரிக்காமல், மரமில்லாத கட்டாந்தரையில் பரப்பி வைக்கலாம். உள்ளே மீந்திருக்கும் குளவிகள் பறந்து மரத்திற்குத் திரும்பும். குஞ்சுகள் மண்ணில் மடியும். பலத்த காற்று வீசும் நாட்களில் இம்முறை கூடாது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

ஒருவர் தோப்பில் செய்யும் வேலை அடுத்தவர் தோப்பில் செய்யாவிடில் அரைகுறையாகும். ஏரிக்கரை, சாலையோரம், புறம்போக்கு ஆகிய இடங்களிலுள்ள பொது மரங்களை யாரும் பரிசோதிப்பதில்லை. பலன் குத்தகை எடுத்தவர் காயைப் பறிப்பதோடு போய்விடுவார். வருஷத்தில் இருமுறை, மாசியிலும் ஆவணியிலும், ஊராட்சியார் இம்மரங்களை ஒரு சுற்று பார்க்க ஏற்பாடு செய்து, பூச்சி கண்ட மரங்களைத் தோட்டக்கலை அலுவலருக்குத் தெரிவிப்பது பெரிய சிரமமன்று. கவாத்து செய்த கிளைகளை ஏரிக்கரையில் குவித்து வைக்கும் வழக்கத்தையும் அவர்களே தடுக்க இயலும்.

வெளியூரிலிருந்து ஒட்டுக்கன்றுகள் வண்டி வண்டியாக வந்திறங்கும் பருவத்தில், வாங்குவோர் கன்றின் உயரத்தையும் இலையின் செழிப்பையும் மட்டுமே பார்க்கின்றனர். இலையின் அடிப்புறத்தையும், ஒட்டுக் கட்டிய இடத்தின் பிளவையும், தண்டின் அடிப்பட்டையையும் லென்ஸால் பார்த்து, ஒரு செதில் இருந்தாலும் அக்கன்றைத் திருப்பிவிட வேண்டும். சுத்தமாகத் தோன்றும் கன்றுகளையும் தோப்பிற்குள் உடனே நடாமல், களத்தங்கரை போன்ற ஒதுக்கிடத்தில் ஆறு வாரம் தொட்டியிலேயே வைத்திருந்து, இரண்டு கன்றுகளுக்கு ஒன்றாக நாடா சுற்றி வாரந்தோறும் பார்த்து வருவது உத்தமம். வாங்கும்போது கண்ணுக்குத் தப்பிய முட்டைகள் அந்த ஆறு வாரத்திற்குள் பொரித்து, குஞ்சுகள் நாடாவில் அகப்பட்டுவிடும்.